மேல்வீட்டு மதாமின் "போ"

ஒரு பக்கம் நெளிந்த அந்த வட்டத் தகரத் தட்டு இப்போதும் என் குசினியில்தான் இருக்கிறது. அது மேல்வீட்டு மதாமுடையது. முதன்முதல் அதை அவர் என் வாசலுக்குக் கொண்டுவந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால் பிரான்சில், லாச்சப்பலில் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் நான் தனி. தெரு முழுக்கத் தமிழ்க் கடைகள்தான், ஆனாலும் வலியப் போய்க் கதைக்க எனக்குக் கூச்சம். கதவைத் திறந்தால் தட்டு நிறையப் பாகில் ஊறிய ரவைத் துண்டுகள். வெள்ளியில் நான் முட்டையும் தொடுவதில்லை. முட்டைக்கு எனக்குப் பிரெஞ்சு தெரியும். இதில் முட்டை உண்டோ என்று கேட்டேன். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டி, "போ" என்றார்.

முட்டை இல்லை என்று விளங்கியது. ஆனால் போ என்பது என்ன கதை? எங்கள் கடைகளுக்குள் திரிந்து இந்த ஒரு சொல்லை மட்டும் பொறுக்கி வைத்திருக்கிறாரோ? பின்னேரம் மருமகளிடம் முறையிட்டேன். "உங்களுக்கு எல்லாத்திலும் ஐமிச்சம் மாமி. போ எண்டு கலைக்க வாறவ தட்டு நிறையப் பலகாரத்தோடையே வருவா?" என்று சிரித்தாள். மதாம் அல்பேனியா நாட்டவர், பலகாரத்தின் பெயர் ரெவானி என்பதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

தட்டைக் கழுவிக் கொடுக்கப் போனபோது மதாம் என் கையைப் பிடித்துக் குசினிக்குள் இழுத்தார். அங்கே ஒன்றன்பின் ஒன்றாக முட்டை உடைக்கிறார். அன்று நான் தின்றதும் இதுதானே. அப்படியென்றால் என் வெள்ளி விரதம்? இன்னும் என்னென்ன போடுகிறார் என்று பார்க்கத்தான் நின்றேன். சீனி, தயிர், ரவை, கொஞ்சம் மா. வேறொன்றும் இல்லை. போறணையிலிருந்து சூடாக எடுத்ததன் மேல், ஆறவைத்த பாகை ஊற்றச் சொல்லி அகப்பையை என்னிடம் தந்தார். ஊற்றிவிட்டு, போதுமோ என்று கையால் கேட்டேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். போதாதாக்கும் என்று இன்னும் ஊற்றினேன். வேகமாக ஆட்டி, "போ, போ" என்றார். அகப்பையை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

ஓடிவந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினார். ரெவானியையும் சீனிப் போத்தலையும் காட்டி, தலையை ஆட்டி, "போ" என்றார். பிறகு உப்புப் போத்தலைக் காட்டி, நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு "ச்" கொட்டி, "யோ" என்றார். அவர்களுக்குப் போ என்றால் ஓம், அதாவது ஆமாம்; யோ என்றால் இல்லை. ஓமென்றால் தலை பக்கவாட்டில் ஆடும். முட்டைக்கும் அவர் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆட்களும் ஓமுக்குத் தலையைப் பக்கத்தில் சரிக்கிறவர்கள்தானே, அதனால் அவருக்கு என்னில் ஒருநாளும் ஐமிச்சம் வரவில்லை. பாகு கூடிக் களியாய்ப் போன அந்த ரெவானியை இருவரும் கரண்டியால் அள்ளித்தான் தின்றோம். அதன்பிறகு பகலில் நான் கூச்சமில்லாமல் தட்டக்கூடிய கதவு அது ஒன்றுதான்.

போன குளிருக்குள் அம்புலன்ஸ்காரர்கள் அவரைக் கதிரையில் இருத்திப் படியால் இறக்கினார்கள். வாயை ஒட்சிசன் மூடி மறைத்திருந்தது. தட்டு அப்போது என்னிடம் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, மேலே அவர் வீட்டுப் பக்கம் விரலை நீட்டி, திரும்பி வருவீர்களோ என்று கேட்டேன். தலையை இடமும் வலமுமாக ஆட்டினார்.

"வரமாட்டன் எண்டுறா மாமி," என்றாள் மருமகள்.

"உனக்குத் தெரியாது பிள்ளை. அது ஓம்."

சொல்லிவிட்டேன். ஆனால் தபால்காரருக்கு அவர் பிரெஞ்சு முறையில், இல்லை என்பதற்குத் தலையாட்டுவதையும் நான் பார்த்திருக்கிறேன். அன்று அவரைச் சுற்றி நின்றவர்களும் பிரெஞ்சுக்காரர்கள். அந்தத் தலை அவர்களுக்கு ஆடியதோ, எனக்கு ஆடியதோ? வாய் திறந்திருந்தால் ஒரு "போ" போதும்.

இன்றைக்கு மேல்வீட்டில் கதிரை மேசை இழுபடுகிற சத்தம் கேட்கிறது. அவருடைய மகள் வந்திருக்கிறாராம். வீட்டைத் துப்புரவாக்கவோ, காலி பண்ணவோ, தெரியவில்லை. நான் ரெவானிக்குப் பாகு ஊற்றிக்கொண்டிருந்தேன். மருமகள் எட்டிப் பார்த்து, "மாமி, தட்டை மகளிட்டைக் குடுத்துவிடுவமோ?" என்று கேட்டாள்.

நாடியை மேலே தூக்கி, நாக்கால் ஒரு "ச்" கொட்டினேன்.