சுதன் அண்ணை மாற்றாமல் போன பிரிவு

இந்த நேரத்தில் பதிவு போடுகிறேன், குறை நினைக்காதீர்கள். மகன் இப்போதுதான் படுத்தான்.

சுதன் அண்ணை இல்லை. நேற்று விடியப்புறம் நெஞ்சு நோகிறது என்றாராம்... பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

நல்லூரில் நான் வேலை செய்த வெப் டிசைன் ஒபிஸில் பக்கத்து மேசை அவருடையது. பிள்ளை பிறந்ததும் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். அவர் கடைசிவரை அங்கேதான்.

பலருக்குத் தெரியாது, தமிழ் இணையத்தளங்களுக்கான ஒரு விபரக்கொத்தில், அதாவது டிரெக்டரியில், அவர் சம்பளமில்லாத எடிட்டர். மெஷின் சேர்க்கிற பட்டியல் இல்லை அது. ஒவ்வொரு தளத்தையும் ஒரு ஆள் திறந்து, வாசித்து, எந்தப் பிரிவில் போடுவது என்று முடிவு செய்ய வேண்டும்.

என் மகனுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. இன்னும் ஒரு சொல் வரவில்லை.

நெட்டில் தேடினால் டொனிக் விளம்பரம்தான் வருகிறது. அதனால் நானே ஒரு தளம் செய்தேன். காது டெஸ்ட் எங்கே, பேச்சுப் பயிற்சி எங்கே, கிளினிக் எந்தக் கிழமை... இவ்வளவுதான். பெயர் ‘கதைக்காத பிள்ளைகள்’.

விபரக்கொத்துக்கு அனுப்பினேன். திருப்பி அனுப்பிவிட்டார். அவருக்குப் போன் எடுத்தேன்.

“என்ன அண்ணை, எனக்குமோ?”

“உமக்குத்தான் முதல். ‘வடக்கின் தலைசிறந்த தளம்’ எண்டு எழுதியிருக்கிறீர். ஆர் சொன்னது, உம்மடை மனுசனோ?”

“அப்ப என்னத்தை எழுத?”

“உள்ளுக்கு என்ன கிடக்கோ அதை எழுதும். மூண்டு பக்கம் ‘விரைவில்’ எண்டு வெறுமையாக் கிடக்கு. பிள்ளையோடை அந்தரப்பட்டு வாற தாய் அதை அமத்தினா என்ன செய்வா? நிரப்பும், இல்லாட்டிக் கழட்டும்.”

கோபம்தான். ஆனாலும் நிரப்பினேன். திறக்காத லிங்குகளை எடுத்தேன், புகழ்ச்சியை வெட்டினேன், சின்னப் போனிலும் திறக்கிறதா என்று பார்த்தேன், என் பெயரையும் தொடர்பையும் போட்டேன்.

இரண்டாம் முறை அனுப்பியபோது அவர் அதைத் தொடவேயில்லை. “நீர் தெரிஞ்ச ஆள். வேறை ஆள் பாக்கிறதுதான் முறை” என்று தமிழ்நாட்டில் இருக்கும் புது எடிட்டர் ஒருவரிடம் கொடுத்துவிட்டார்.

அங்கே யார் ‘கதைக்கிறார்கள்’... நாங்கள் கதைப்பதை அவர்கள் பேசுவது என்பார்கள். அந்த எடிட்டர் எழுத்துப்பிழை என்று நினைத்துத் திருத்தியிருக்கிறார். ‘கதைக்கான பிள்ளைகள்’. பிரிவு: சிறுவர் கதைகள்.

சுதன் அண்ணை போனிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். “உம்மடை தளத்தை நரிக்கும் முயலுக்கும் நடுவிலை கொண்டுபோய் விட்டிட்டாங்கள்.” பிறகு குரல் மாறியது. “ஞாயிற்றுக்கிழமை நான் அவையோடை கதைச்சு மாத்துவிக்கிறன். நீர் யோசியாதையும்.”

ஞாயிறு இன்னும் வரவில்லை.

முந்தநாள் கிளினிக்கில் சுன்னாகத்துத் தாய் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். மகளுக்கு நாலு வயது, முதல் தரம் கூட்டி வந்திருக்கிறாள். அந்த விபரக்கொத்தைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன்.

“பாத்தனான் அக்கா. அது பிள்ளையளின்ரை கதைப் புத்தகம் எண்டு மூடிட்டன்.”

அவளிடம் அது என் தளம் என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே டொக்டர், ஏன் இவ்வளவு பிந்தி வந்தீர்கள் என்று அவளைக் கேட்பது வெளியே கேட்டது.

இன்று பின்னேரம் செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் அவர் வெள்ளைச் சேட்டோடு... ஒபிஸுக்கு ஒருநாளும் வெள்ளை போட்டதில்லை.

அவருடைய மனைவி கையைப் பிடித்துக்கொண்டார். “இவரின்ரை போனுக்கு இன்னும் ஆரோ தளங்கள் அனுப்பிக்கொண்டிருக்கினம், தங்கச்சி. பாக்கச் சொல்லிக் கேக்கினம். நான் ஆருக்கெண்டு அறிவிக்க?”

எனக்கும் தெரியவில்லை. அந்த எடிட்டர்மார் ஒருவரையும் நான் அறியேன். அவர்தான் ஒரே வழி.

நல்லாய் அலுத்துப்போனீர்கள். படுங்கோ அண்ணை.

அந்த விபரக்கொத்தில் எடிட்டராக இருப்பவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அல்லது அவர்களை உங்களுக்குத் தெரிந்தால், தயவுசெய்து கெதியாகப் பதில் போடுங்கள். அந்தப் பெயரையும் பிரிவையும் மாற்ற வேண்டும்.