தாமதமாக வந்த என் குரல்

எங்கள் இணைய வானொலி என்பது சூலியா தெருவில், நாணயமாற்றுக் கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை. வாரம் முழுக்க பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் சிப்புகளைப் பரிசோதித்துவிட்டு, சனிக்கிழமை பிற்பகலில் அங்கே போய்ப் பாட்டுப் போடுவேன். சம்பளம் கிடையாது. மைக் கிடைக்கிறதே என்ற ஆசைதான்.

செபராங் ஜெயாவிலிருந்து ஒருத்தி வந்து சேர்ந்தாள். பாலர் பள்ளி ஆசிரியை, என்னைவிட இளையவள். வாய் ஓயாமல் "அக்கா, அக்கா" என்பாள். ஒவ்வொரு அக்காவுக்கும் எனக்கு ஒரு வயது கூடியது. மைக் முன்னால் அவள் தடுமாறியதே இல்லை. நேயர்கள் போன் அடித்து அவளிடம் குடும்பக் கதையெல்லாம் சொன்னார்கள். நானோ ஹெட்போனை மாட்டினால் வணக்கம் சொல்வதற்குள் நாக்கு புரண்டுவிடும். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைக்க அவளுக்குக் கறிபப் வாங்கிக் கொடுப்பேன். அதையும் ரசித்துச் சாப்பிடுவாள்.

அப்போது ஞாயிறு காலை வாழ்த்து நிகழ்ச்சிக்கு ஆள் தேவைப்பட்டது. நேயர்கள் நேரலையில் அழைத்து வாழ்த்துச் சொல்வது. எங்கள் வானொலியில் அதைவிடப் பெரிய நாற்காலி இல்லை. வானொலியை நடத்தும் அண்ணன் எங்கள் இருவருக்கும் அதைச் செய்து பார்க்க ஆளுக்கொரு சனிக்கிழமை கொடுத்தார். நன்றாகச் செய்கிறவருக்கு நிகழ்ச்சி. அவள் முதலில் செய்தாள். நன்றாகத்தான் செய்தாள், வேறென்ன.

அந்த வாரம்தான் என் திக்கலுக்குக் காரணம் கண்டுபிடித்தேன். நான் பேசுவது கம்ப்யூட்டருக்குள் போய், சற்றுத் தாமதமாக என் ஹெட்போனுக்குத் திரும்பி வந்தது. என் குரலே என்னைப் பின்னாலிருந்து இடித்தது. வீட்டில் சொன்னதும் கணவர் சிரித்தார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். அந்தப் பொண்ணுக்கும் அதே கம்ப்யூட்டர்தானே லா?"

அவள் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேசுவாள். அழைப்பு மணி கேட்டால் மட்டும் காதில் வைப்பாள். அதை நான் ஸ்டைல் என்று நினைத்திருந்தேன்.

பாட்டுப் போடும் மென்பொருளையும் ஒலிப்பெட்டியையும் இணைப்பதற்கு டிரைவர் என்று ஒன்று உண்டு. அதில் பல வகை. நாங்கள் வைத்திருந்தது டைரக்ட் சவுண்ட். எல்லா மென்பொருளும் ஒலிப்பெட்டியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒலி மெதுவாக வரும். பட்டியலில் அதற்குக் கீழே வாசாபி என்று ஒன்று. அதில் 'எக்ஸ்குளூசிவ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒலிப்பெட்டி ஒரே மென்பொருளுக்குச் சொந்தம், தாமதம் தெரியாது. எலி வளையானாலும் தனி வளை. என் சனிக்கிழமையன்று சீக்கிரமே போய் மாற்றிவிட்டேன்.

வணக்கம் என்றேன். சொன்ன கையோடு காதில் கேட்டது. அடடா, எனக்கு இப்படி ஒரு குரலா! நாக்கு ஓர் இடத்திலும் புரளவில்லை. அழைப்பு மட்டும் ஒன்றும் வரவில்லை. வராவிட்டால் போகட்டும் என்று நானே பேசினேன், நடுநடுவே பாட்டுப் போட்டேன். கேட்பவர்கள் மயங்கிக் கிடக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முடிந்ததும் அண்ணன் மாடியேறி வந்தார். "ரொம்ப அழகா பேசுனீங்க. ஆனா ஏன் ஒரு கால்கூட எடுக்கல?"

"ஒருத்தரும் அடிக்கலண்ணே."

அவர் மவுஸை வாங்கி, பின்னால் மறைந்திருந்த அழைப்புத் திரையை முன்னால் கொண்டுவந்தார். ஒலிப்பெட்டியைப் பாட்டு மென்பொருளே பிடித்து வைத்திருந்ததால், அழைப்பு மென்பொருளின் மணி என் காதுக்கு வரவே இல்லை. எடுக்காத அழைப்புகள் திரை முழுக்க இருந்தன. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து என் அம்மா. ஃபேக்டரித் தோழிகள். எல்லாருக்கும் முன்னால், நான் வணக்கம் சொன்ன உடனேயே, அவள்.

அவளுக்குப் போன் அடித்தேன். "எதுக்கு அடிச்ச?"

"முதல் கால் வரலன்னா பயமா இருக்கும்லக்கா. அதான் நான் அடிச்சேன்."

நிகழ்ச்சி அவளுக்குப் போனது. அது எரியத்தான் செய்தது, ஆனால் கொஞ்ச நாளில் ஆறிவிட்டது. அவளுடைய சனிக்கிழமையன்று அவளுக்கு ஒரு போன் அடிக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு எப்படித் தோன்றியது? அந்தப் பொறாமைதான் இன்னும் ஆறவில்லை.