லாரியில் வந்த வீடு

என் கணவர் இறந்த இருபத்து மூன்றாம் நாள், அவருடைய போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். வீடு செய்யும் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர். சின்ன வயதுக் குரல்.

"மேடம், வீடு ரெடி. எப்ப அனுப்பட்டும்? சார் இல்லீங்களா?"

"இல்லீங்க" என்றேன். வெளியே போயிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டார். வீடு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் காரணம் கேட்பார், நான் விளக்க வேண்டும். "அனுப்புங்க" என்றேன். ஒரே சொல்லில் முடிந்துவிட்டது.

என் கணவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்தது ஜவ்வாது மலையில். அண்ணனும் அவரும் பிரித்துக்கொண்ட நிலத்தில் அவர் பங்கில் ஒரு வீடு வேண்டும் என்பது பல வருடப் பேச்சு. மணலையும் செங்கல்லையும் மலைக்கு ஏற்றி, மழைக்கு நடுவே கொத்தனாருக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. ஒருநாள் திருப்பத்தூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரண்டு தீப்பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது ஹாலும் சமையல்கட்டும். இது படுக்கிற ரூமும் பாத்ரூமும். ரெண்டையும் பேக்டரியிலயே செஞ்சி எடுத்தாந்து ஒட்டிடுவாங்க. அடித்தளம் மட்டும்தான் நம்ம வேலை" என்று சொல்லி இரண்டையும் சேர்த்து வைத்தார். நான் பள்ளிக்கூட அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பாதிதான் கேட்டேன்.

அடித்தளம் என்றால் முழங்கால் உயரத்தில் ஒன்பது கான்கிரீட் தூண்கள். ஒவ்வொன்றின் தலையிலும் போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை ஒரு நூல் விலகியிருந்தாலும் வீடு உட்காராது என்று ரசமட்டத்தை வைத்துப் பார்த்துப் பார்த்துப் போட்டார். பிறகு தினமும் பஸ் ஏறிப் போய்த் தூண்களுக்குத் தண்ணீர் விட்டார். ஆறாம் நாள் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

எனக்கு அழுகை வரவில்லை. காரியத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார்கள், சரியாகச் சொன்னேன். விடுப்பு முடிந்த மறுநாளே வேலைக்குப் போனேன். மற்றவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவது மட்டும் எனக்குத் தெரிந்தது. உடம்பு முழுவதும் மரத்துப்போன கால் மாதிரி இருந்தது.

வீடு வந்த அன்று நான் காலை பஸ்ஸில் மலை ஏறினேன். ஒரு கொண்டை ஊசி வளைவில் பஸ் நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே கிடந்தது. அதன் மேல் தார்ப்பாய் சுற்றிய பாதி வீடு; மறு பாதி இன்னொரு லாரியில் முன்னாலேயே ஏறிவிட்டிருந்தது. தார்ப்பாய் விலகிய இடத்தில் ஜன்னல் தெரிந்தது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாம்மா இது, வூட்டையே தூக்கினு போறாங்க! யாரு வூடு?" என்று என் பக்கத்தில் நின்ற பெண் கேட்டாள்.

"யாரோ கம்பெனிக்காரங்களுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. சொன்ன பிறகு வெட்கமாகவும் இல்லை. பின்னால் வந்த கிரேன் லாரியின் வாலைத் தூக்கித் திருப்பிவிட ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை தடுப்புச் சுவரில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றேன்.

நிலத்தில் என் கணவரின் அண்ணன் காத்திருந்தார். மேற்பார்வையாளருக்கு முப்பது வயதுகூட இருக்காது. தூண்களை அளந்து பார்த்துவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார். "இவ்ளோ சுத்தமா லெவல் நான் பாத்ததே இல்ல மேடம். சார் எங்க? அவருக்குத்தான் கை குடுக்கணும்."

அண்ணன்தான் சொன்னார்.

"தம்பி பூட்டாருங்க. ஒரு மாசம் ஆவுது."

அந்தப் பையன் கையில் இருந்த அளவு நாடா தானாகச் சுருண்டுகொண்டது. என்னைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார். பிறகு கிரேன்காரரிடம் போய்விட்டார்.

முதல் பாதி கயிறுகளில் ஆடியபடி இறங்கி உட்கார்ந்தது. இரண்டாவதை ஒரு சாண் தள்ளி இறக்கி, பிறகு மெல்ல இழுத்து ஒட்டினார்கள். சுவருக்குள் ஒயர், குழாய், வெப்பம் தடுக்கும் பஞ்சு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. சமையலறையில் டைல்ஸ்கூட ஒட்டியிருந்தது. கூரையில் இரண்டும் சேரும் இடத்துக்கு மேல் தண்ணீர் இறங்காமல் ஒரு டேப் ஒட்டித் தகட்டால் மூடினார்கள். பொழுது சாய்வதற்குள் வெறும் நிலத்தில் வீடு நின்றது.

"அஞ்சு நாள்தான் அவர் தண்ணி வுட்டார். அப்புறம் தூண் காஞ்சிருக்குமே மாமா?" என்று அண்ணனிடம் கேட்டேன்.

"நான் வுட்டேம்மா. சாக்கு சுத்தி ரெண்டு வேளையும் நனைச்சேன். அவன் கேப்பானே" என்றார்.

தலையசைத்தேன். அப்போதும் அழுகை வரவில்லை.

விடுமுறை நாட்களில் அங்கே போய்த் தங்க ஆரம்பித்தேன். பக்கத்துச் சாமை வயல்காரர்கள் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். முதல் பெருமழையில் ஹாலின் ஓரத்தில், இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒழுகியது. பாத்திரத்தை வைத்துவிட்டு மேற்பார்வையாளருக்குப் போன் போட்டேன்.

"இன்னா வேலை செஞ்சிருக்கீங்க? வூடு ஒழுவுது! இதுக்கா அவ்ளோ தூரம் தூக்கியாந்தீங்க?" என்று கத்தினேன். ஊர்க்காரி மாதிரியே கத்தினேன். இத்தனை வாரங்களில் நான் உரக்கப் பேசியது அதுதான் முதல்முறை.

மறுநாள் மழைக்கோட்டோடு பைக்கில் அவரே வந்தார். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறித் தகட்டைக் கழற்றினார். இறங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தப்பு என்னுதுதான் மேடம். இந்த ஓரத்துக்கு டேப்பே போடல. மேல இருந்தது நான்தான். அன்னிக்கு சார் விஷயம் கேட்டதும் எனக்குக் கை ஓடல. தினமும் பேசுவாரு எங்கிட்ட. தூண் போட்டோ அனுப்புவாரு. போன் வரலன்னதும் வேலையா இருக்காருன்னு நெனச்சிட்டேன்."

டேப் ஒட்டித் தகட்டை மூடினார். குடம் குடமாய்த் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார். ஒழுகவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். ரசமும் உருளைக்கிழங்கும்தான். இரண்டாம் முறையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அவர் பைக் வளைவில் மறைந்த பிறகு, வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். நிறைய நேரம் இல்லை. அண்ணன் கொஞ்சம் தள்ளி, மலையைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்ப் பாத்திரத்தில் இருந்த தண்ணீரை வெளியே கொட்டினேன்.