அம்மாவின் ஓட்டு டெல்லிக்குப் போன கதை

ஆட்டோவில் கட்டிய ஸ்பீக்கர் மெயின் ரோட்டில் கன்னடத்தில் அலறும். பெங்களூர் மர்பி டவுனில் எங்கள் தெருவுக்குள் திரும்பியதும் அதே குரல் தமிழுக்கு மாறிவிடும்... தொண்ணூறுகளில் எலெக்‌ஷன் வந்துவிட்டது என்று எங்களுக்கு அப்படித்தான் தெரியும்.

அந்த முறை எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.

"டெல்லில யாரு உக்காரணும்னு பாத்துப் போடு" என்பார் அப்பா.

"உங்க தலைவரு பேரு நம்ம ஓட்டுச் சீட்டுலயே இல்லையே... இங்க நிக்கிற உங்காளுக்கு நம்ம தெரு எங்க இருக்குன்னாவது தெரியுமா?" என்பாள் அம்மா.

சாக்கடை பொங்கியபோது தெருவுக்குள் வந்து நின்றவருக்கே அம்மா முத்திரை குத்தினாள். அப்பா தன் தலைவரின் கட்சிக்கு. போனதும் வந்ததும் ஒரே ஸ்கூட்டரில்தான்!

அம்மாவின் ஆள் ஜெயித்தார். ஆனால் டெல்லியில் யாருக்கும் மெஜாரிட்டி இல்லை. பல நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, அம்மாவின் ஆளும் அவர் கட்சியும் அப்பாவின் தலைவரையே பிரதமராக ஆதரித்துவிட்டார்கள்.

அப்பா மைசூர்பாக் வாங்கி வந்தார். அம்மா தொடவில்லை.

"நான் போட்ட ஓட்டு உங்க தலைவருக்கா போச்சு? என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

அடுத்த ஞாயிறு எம்.பி. ஆபீசுக்குக் கிளம்பிவிட்டாள். அப்பா ஸ்கூட்டரை எடுத்தார்.

"நீங்க எதுக்கு? உங்காளுதான் பிரதமர் ஆயாச்சே."

"ஆனா ஓட்டு உன்னுதாச்சே. கேக்க வேணாமா? ஏறு."

நான் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

எம்.பி. மரியாதையாகத்தான் பேசினார். "யாருக்காவது சப்போர்ட் குடுக்கலேன்னா மறுபடி எலெக்‌ஷன் வந்துடும்மா."

"வரட்டுமே. வரிசையில நிக்கப்போறது நான்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எம்.பி. காபி வரவழைத்தார். அம்மா குடிக்கவில்லை. அப்பா இரண்டையும் குடித்தார்.

அந்த ஆட்சியும் நிலைக்கவில்லை. சீக்கிரமே அடுத்த தேர்தல். அம்மா விடிந்ததுமே போய் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். அந்த முறை யாருக்குப் போட்டார் என்று அப்பா கடைசிவரை சொல்லவே இல்லை...

இப்போது எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வீடு, வேலை எல்லாம். ஆபீஸ் கேபில் பிரதமர் யார் என்று தொண்டை வறள விவாதிக்கிறோம். தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்று ஒருவரும் பேசுவதில்லை.

போன எலெக்‌ஷனுக்கு முன்னால் அம்மா போன் பண்ணினாள்.

"யாருக்குடி போடப்போற?"

தலைவர் பெயரைச் சொன்னேன்.

"அவரு இருக்கட்டும்... உன் ஓட்டை வாங்கிட்டு டெல்லிக்குப் போகப்போறது யாரு?"

"சிக்னல் சரியில்லம்மா" என்றேன்.