எடைமேடையில் எங்கள் சாப்பாட்டு வண்டி

என் கணவர் வேலை பார்த்த கம்பெனி அம்பத்தூர் எஸ்டேட்டில் கார்களுக்கான சின்னச் சின்ன உலோகப் பாகங்கள் செய்துவந்தது. ஒரு மழைக்காலத்தில் அவருடைய பிரிவை மூடி, மிஷின்களை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆட்களைக் கொண்டுபோகவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து அந்த ஒரே வேலையில் இருந்தவர் அவர். கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தில் ஒரு பழைய குட்டி பிக்கப் வண்டி வாங்கினார். மேனாம்பேட்டில் எங்கள் தெருவிலேயே அதுபோல வண்டிகள் வரிசையாக நின்றன. வீடு காலி செய்பவர்களும் ஹார்டுவேர் கடைக்காரர்களும் கூப்பிட்டால்தான் ஓட்டம். பாதி நாள் வண்டி வாசலிலேயே நிற்கும். அவர் அதைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

நான் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமைத்துக்கொண்டிருந்தேன். மதியத்தில் கேன்டீன் இல்லாத சின்னப் பட்டறை ஆட்கள் சாப்பாட்டுக்கு எங்கெங்கோ அலைவதைத் தினமும் பார்ப்பேன். சக்கரம் வைத்த சாப்பாட்டுக் கடை ஒன்று போடலாம் என்று சொன்னது நான்தான். பட்டறைகளுக்கு நடுவே காலி மனை வைத்திருந்த ஒருவர் பகலில் நிறுத்திக்கொள்ளச் சம்மதித்தார். சாயங்காலம் எடுத்துவிட வேண்டும் என்பதில் மட்டும் கறாராக இருந்தார். பிக்கப்பின் முதுகிலேயே கடையைக் கட்டிவிட்டால் லோடு ஏற்ற முடியாது. அதனால் கடையைத் தனி டிரெய்லராகச் செய்து, காலையில் கொக்கியில் மாட்டி இழுத்துப்போய் விட்டுவிட்டு, பகலெல்லாம் அவர் லோடு ஓட்டுவது, மாலையில் திரும்ப இழுத்துவருவது என்று முடிவு செய்தோம். அன்றைக்கு அவர் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டார். வேலை போன பிறகு அப்படிச் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை.

ஆவடி போகும் சாலையில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர் செய்து தந்தார். முன்பு ஜெனரேட்டர் ஏற்றி இழுத்த, சக்கரம் வைத்த ஒரு பழைய இரும்புச் சட்டத்தை எங்கிருந்தோ பிடித்துவந்து, அதன்மேல் தகரமும் ஸ்டீலும் வைத்துக் கட்டினார். கேட்டதெல்லாம் செய்தார். நான் நிறையக் கேட்டேன். கேன்டீனில் குனிந்தே சமைத்து என் இடுப்பு போயிருந்தது. அதனால் நின்று வேலை செய்கிற உயரத்தில் கருங்கல் மேடை, இரண்டு பெரிய அடுப்பு, கை கழுவத் தொட்டி, மேலே தண்ணீர் டேங்க், மழைக்கு மடக்கி இறக்குகிற கூரை எல்லாம் வேண்டும் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு சமையலறையை நானே சொல்லிக் கட்டியது அது ஒன்றுதான்.

முடிந்த அன்று கொக்கியில் மாட்டினார்கள். பிக்கப்பின் பின்பக்கம் பொதக்கென்று அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டது. பட்டறை வாசலில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டினார். எனக்கு அந்த முகப்பு தூக்கிக்கொண்டு நின்ற விதம் பிடிக்கவில்லை. இந்த வண்டி எவ்வளவு எடை வரைக்கும் இழுக்கும் என்று கேட்டேன்.

"அதான் இஸ்துகினு வருதே, அப்புறம் இன்னா?" என்றார் அவர்.

"பிரேக் போட்டு நிறுத்தணும்ல?" என்றேன்.

பட்டறைக்காரர் சிரித்தார். என் கணவர் சிரிக்கவில்லை. காலமெல்லாம் அளவுக்கருவி வைத்து மயிரிழை வித்தியாசத்துக்குப் பாகங்களைக் கழித்துப் போட்டவர். எண் என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. டிரெய்லரைப் பட்டறையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

மறுநாள் இரண்டு பேரும் பூந்தமல்லி சாலையில் இருக்கும் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். டை கட்டிய ஒரு பையன் கம்ப்யூட்டரில் தேடினான். வண்டியின் வெறும் எடை இருந்தது. ஆளும் சரக்கும் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்பது இருந்தது. எவ்வளவு இழுக்கும் என்பது மட்டும் இல்லை. உள்ளே போய் வேறு யாரையோ கேட்டுவிட்டு வந்தான்.

"இந்த மாடலுக்கு கம்பெனி அந்த நம்பரே குடுக்கல சார்."

"குடுக்கலன்னா எவ்ளோ இஸ்கலாம்னு எட்த்துக்கறது?"

"எதையும் இழுக்கக் கூடாதுன்னு எடுத்துக்கணும் சார்."

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். வெளியே வந்து வெயிலில் நின்றோம். கம்பெனிக்காரன் தன் பயத்துக்குச் சொல்வான், ஊரில் எல்லோரும் இழுத்துக்கொண்டுதானே போகிறார்கள் என்றார் என் கணவர். அது உண்மைதான். நாங்கள் நின்ற நேரத்திலேயே ஒரு குட்டி வண்டி கான்கிரீட் கலவை மிஷினை இழுத்துக்கொண்டு போனது.

அதற்குப் பிறகு அவர் போனில் பார்த்துப் பார்த்துத் தானே படித்தார். டிரெய்லருக்குத் தனியாக பிரேக் இல்லை என்றால், அதன் மொத்த எடை இழுக்கும் வண்டியின் வெறும் எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கொக்கியின் மேல் அமுங்குகிற பாரமும் வண்டி சுமக்கிற சரக்கில் சேர்ந்துவிடும். அதுவும் சமதரையில். இறக்கத்தில் இன்னும் குறைவு. எங்கள் பிக்கப் ஏறக்குறைய தொள்ளாயிரம் கிலோ. அப்படியென்றால் கடையும் அதிலுள்ள எல்லாமும் சேர்ந்து நானூற்று ஐம்பதுக்குள் இருக்க வேண்டும்.

லாரிகளுக்கு நடுவே எங்கள் டிரெய்லரைக் கொண்டுபோய் எடைமேடையில் ஏற்றினோம். தெரிந்தவர் ஒருவர் தன் பெரிய வண்டியில் இழுத்துவந்து மேடைமேல் கழற்றிவிட்டுக் கொடுத்தார். ஜன்னலுக்குள் சிவப்பு எழுத்து ஏறிக்கொண்டே போய் எழுநூற்று நாற்பதில் நின்றது. தண்ணீர் இல்லை, சிலிண்டர் இல்லை, பாத்திரம் இல்லை, அரிசி இல்லை. வெறும் கடை. எல்லாம் ஏற்றினால் பிக்கப்பை விட அது கனம். என் கணவர் மேடை ஓரத்திலிருந்து நகராமல் அந்த எண்ணைப் பார்த்தபடி நின்றார். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

டிரெய்லருக்கு பிரேக் வைக்க முடியுமா என்று கேட்டார். அந்தப் பழைய அச்சில் முடியாது, சட்டத்தையே மாற்ற வேண்டும் என்றார் பட்டறைக்காரர். எங்களிடம் அதற்கு எதுவும் மிச்சமில்லை. ஆகவே குறைக்க ஆரம்பித்தோம். முதலில் கருங்கல் மேடை போனது. அதைப் பெயர்க்கும்போது நான் பக்கத்தில் நிற்கவில்லை. பிறகு தண்ணீர் டேங்க். பிறகு தொட்டி. இரண்டாவது அடுப்பு. பக்கவாட்டு ஸ்டீல் தகடுகளைக் கழற்றிவிட்டுத் தார்ப்பாய் கட்டினோம். மழைக்கூரையையும் எடுத்தார். சாதத்தை வீட்டிலேயே வடித்து பிக்கப்பில் வைத்துக்கொள்ளலாம், தண்ணீரை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் சொன்னார். கடைசியில் ஒரு அடுப்பும் ஒரு பலகையும் நிற்க இடமும்தான் மிஞ்சின. அப்போதும் ஐந்நூற்று எழுபதுக்குக் கீழே வரவில்லை. மிச்ச கனம் எல்லாம் அந்தச் சட்டத்தில் இருந்தது. அதைக் கழற்ற முடியாது.

ஒரு சாயங்காலம் அவர் சொன்னார். "மெதுவா போலாம்மே. எல்லாம் கரெக்ட்டா அமையணும்னா நம்மளுக்கு எதுதான் அமையும்?"

வேண்டாம் என்று சொல்ல என்னிடமும் வேறு வழி இல்லை. கேன்டீன் வேலையை அதற்குள் விட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சாலையில் கூட்டம் குறைவு என்று கிளம்பினோம். சட்டியும் பானையும் ஏற்றவில்லை, வெறும் டிரெய்லர்தான். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். எஸ்டேட் பக்கம் போக ரயில் பாதைக்கு மேலே இருக்கும் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஏற்றத்தில் முதல் கியரில் வண்டி முக்கி முக்கி ஏறியது. உச்சிக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு தெளிவு.

இறக்கத்தில்தான் அது தொடங்கியது. முதுகில் யாரோ இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுவதுபோல இருந்தது. அவர் மெதுவாகத்தான் போனார், கியரையும் மாற்றவில்லை. பிரேக்கைத் தொட்டதும் டிரெய்லர் வலப்பக்கம் ஒதுங்கியது, பிறகு இடப்பக்கம், பிறகு இன்னும் அகலமாக வலப்பக்கம். எங்கள் வண்டியின் பின்சக்கரம் தரையில் இருப்பதாகவே தெரியவில்லை. ஸ்டீரிங்கை அவர் பிடித்திருந்தார், வண்டி எங்களைப் பிடித்திருந்தது. டிரெய்லர் பக்கச்சுவரில் மோதித் தேய்ந்துகொண்டே வந்து நின்றது. எங்களுக்குச் சற்று முன்னால் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த ஒரு பெண் ஒதுங்கப் பார்த்துக் கீழே விழுந்திருந்தாள்.

நான் ஓடினேன். அவளுக்கு முழங்காலும் உள்ளங்கையும் சிராய்ந்து ரத்தம் வந்திருந்தது. வேறு எதுவும் இல்லை. கழுத்தில் ஏதோ கம்பெனி அட்டை. ஞாயிற்றுக்கிழமையிலும் வேலைக்குப் போகிறாள். கூடிய ஆட்கள் என் கணவரைத் திட்ட ஆரம்பித்தார்கள். இத்தனை பாரத்தை இந்த வண்டியில் யாராவது மாட்டுவார்களா என்றார் ஒருவர். எனக்குப் பதில் தெரியும். எங்களைவிட நன்றாக அது யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண் திட்டவில்லை. என் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே டிரெய்லரைப் பார்த்தாள். கிழிந்த தார்ப்பாயும் ஒற்றை அடுப்பும் வெளியே தெரிந்தன.

"சாப்பாட்டுக் கடையா அக்கா? எங்க போடப் போறீங்க?"

நான் எஸ்டேட் இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். 

அவர் பாலத்துச் சுவர் ஓரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அந்தப் பொண்ணு உசுரு போய்ட்டிருந்தா இன்னா பண்ணியிருப்போம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். 

டிரெய்லரை வீட்டு வாசலில் நிறுத்திக் கொஞ்ச நாள் இட்லி போட்டுப் பார்த்தேன். எங்கள் சந்தில் எல்லார் வீட்டிலும் இட்லி உண்டு. யாரும் வரவில்லை, வந்தவர்களும் என் மேல் பரிதாபப்பட்டு வந்தார்கள். ஒரு மழையில் தண்ணீர் ஏறி அடுப்பு போயிற்று. பழைய இரும்புக்காரர்கள் வந்து காஸ் வைத்து அறுத்து எடுத்துப்போனார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே, அதை நினைத்துக்கொள் என்று என் அக்கா சொன்னாள். எல்லோரும் அதையே சொன்னார்கள். நானும் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பில் எனக்கு எந்த ஆறுதலும் வரவில்லை.

பிக்கப்பையும் விற்றுவிட்டார். இப்போது பருத்திப்பட்டு ஏரிப்பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் செக்யூரிட்டியாக இருக்கிறார். அதே இடத்தில் மூன்றாவது மாடியில் ஒரு வீட்டில் நான் சமைக்கிறேன். அவர்கள் நல்லவர்கள். மேடை எனக்குத் தாழ்வாக இருக்கிறது, அதைச் சொல்ல முடியாது. கார் வைத்திருக்கும் சிலர் அவசரத்துக்கு வண்டி ஓட்டித்தர முடியுமா என்று அவரைக் கேட்பதுண்டு. கண் சரியில்லை என்று சொல்லிவிடுகிறார். அவர் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. இருட்டிய பிறகும் கேட்டில் நின்றபடி உள்ளே வருகிற வண்டிகளின் நம்பரைத் தூரத்திலிருந்தே படித்து எழுதுகிறார்.