ரஹ்மத் டீச்சருக்காகத் தேய்த்த கற்கள்

"அக்கா மௌத்தாயிட்டாங்க சார்" என்று ரஹ்மத் டீச்சரின் தம்பி போனில் சொன்னபோது, அரியலூர் பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். அழுகைக்கு முன்னால் எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆசிரியர் அறையில் எங்களோடு இருந்தவர்களுக்கு ஏனென்று தெரியும்.

பிறவியிலேயே பார்வையில்லாத டீச்சர், பெரம்பலூரிலிருந்து தினமும் தனியாக பஸ் ஏறி வந்து வரலாறு நடத்தினார். அந்தத் 'தனியாக'தான் அவருக்கு உயிர். துபாயில் தரைக்கல் பதிக்கும் வேலையிலிருந்த தம்பி, புள்ளி புள்ளியாகப் புடைத்த கல் ஒன்றை லீவில் கொண்டுவந்தார். மழையிலும் வழுக்காது; புள்ளி காலில் பட்டால் அத்தோடு நிற்க வேண்டும், முன்னால் பள்ளம் என்று அர்த்தம். பெரம்பலூர் பஸ் நிலையத்துக்கு இது வேண்டுமென்று டீச்சர் அந்தக் கல்லைப் பையில் சுமந்துகொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். "செருப்பக் கழட்டிட்டு, கண்ண மூடிக்கிட்டு இதுமேல நில்லுங்க சார். அப்புறம் பேசுவோம்" என்பார். பலர் சிரித்தார்கள். ஒருவர் நின்று பார்த்தார். கல் வந்தது.

பஸ் நிலையத்தின் புதுத் தரைக்குத் திறப்பு விழா; அதற்கு முந்தின நாள் டீச்சரோடு பார்க்கப் போனேன். கோல் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஒரு புள்ளிகூட இல்லை. மொசைக் தரைக்குச் செய்வதுபோல மெஷின் விட்டுத் தேய்த்துப் பாலீஷ் போட்டிருந்தார்கள்.

"மேடு மேடா இருந்துச்சுங்க. நம்ம டீச்சரு தடுக்கி வுழுந்துடக் கூடாதுன்னு நானே கிட்ட நின்னு தேய்க்க வுட்டேன்" என்றார் மேஸ்திரி, பெருமையாக.

நான் கத்தினேன். டீச்சர் கத்தவில்லை. "நல்ல மனசுண்ணே உங்களுக்கு. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றார்.

விழா நடந்தது. "அடுத்த ஃபண்டுல பாத்துக்கலாம் மேடம்" என்றார்கள் அதிகாரிகள். ஐப்பசி மழையில் அதே கல்லில் வழுக்கி விழுந்து டீச்சருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பிறகு தம்பி மனைவி துணையில்லாமல் அவர் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. என்னால் ஆறவே முடியாதது இதுதான். இரங்கல் கூட்டத்தில் ஒருவர் "பார்வையற்றோருக்குப் பாதை தந்த தாய்" என்று முழங்கியபோது எழுந்து வந்துவிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, கேட்கும் பழக்கம் ஒன்றுதான். போன வாரம் அதே பஸ் நிலையத்தில், பார்வையற்ற பெரியவர் ஒருவரை இரண்டு பேர் ஆளுக்கொரு கையாகப் பிடித்து ரோட்டைத் தாண்ட வைத்தார்கள். அவர்கள் திருப்தியோடு கிளம்பியதும் அருகில் போய், "எங்கங்க போவணும்?" என்று கேட்டேன்.

பெரியவருக்கு மூச்சு வாங்கியது. "வேப்பந்தட்டை பஸ்ஸுக்கு அந்தப் பக்கந்தான் தம்பி நின்னுக்கிட்டிருந்தேன்" என்றார்.