கலாதேவி லுமுட்டுக்குப் போன சனிக்கிழமை

ஈப்போவின் சிலிபின் பகுதியில் கலாதேவியைத் தெரியாதவர்கள் குறைவு. அங்குள்ள ஒரு பேரங்காடியின் கல்லாவில் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தவள். பிறந்தது பீடோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டம் கைமாறி, ரப்பரை வெட்டி எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபோது குடும்பம் ஈப்போவுக்கு வந்துவிட்டது. இப்போது நாற்பத்தொன்பது வயது. கணவன் அர்ச்சுனன் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறான். ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள்.

முந்தின வருடம் கலாதேவிக்குத் தொண்டையில் புற்றுநோய் என்று தெரிந்தது. முப்பத்துமூன்று நாள் கதிர்வீச்சு கொடுத்தார்கள். நோய் போனது. கூடவே எச்சில் வற்றியது, குரல் பாதியானது, நாக்கில் ருசி செத்தது. நான்கு மாதம் மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் சாப்பாடு.

அந்த நான்கு மாதமும் அவள் செய்த காரியம் அர்ச்சுனனுக்கு விளங்கவே இல்லை. குழாயில் பால் இறங்கும்போதெல்லாம் கைப்பேசியில் ரொட்டிக்கடை வீடியோ பார்ப்பாள். மாவு பிசைவார்கள், அடுப்பிலிருந்து தட்டை இழுப்பார்கள், யாரோ ஒருவர் ஆவி பறக்கப் பிய்த்து வாயில் போடுவார். அவனுக்குச் சகிக்காது. எழுந்து வாசலுக்குப் போய்விடுவான்.

குழாயை எடுத்து எட்டு மாதத்தில் கஞ்சியும் குழைந்த சோறும் இறங்கத் தொடங்கின. உப்பும் புளிப்பும் திரும்பின. இனிப்பு மட்டும் வரவில்லை. சீனியை வாயில் போட்டால் மணல்தான்.

அப்படி இருந்தபோது ஒரு சனிக்கிழமை காலையில் அவள் தலைவாரிக்கொண்டே கேட்டாள்.

"லுமுட் வரைக்கும் போய்ட்டு வரலாமா? வழியில நிறுத்தி நிறுத்திச் சாப்பிடணும்."

"கடல் பாக்கவா?"

"கடை பாக்க. கடலும் அங்கதானே இருக்கு, அதையும் பாப்போம்."

அர்ச்சுனன் இரண்டு பெரிய போத்தலில் தண்ணீர் நிரப்பிக் காரில் வைத்தான்.

முதலில் ஈப்போ பழைய டவுனில் ஒரு சீனர் ரொட்டிக்கடை. மாவு ஓட்டுக்குள் முட்டைக்கூழ் வைத்துச் சுட்ட முட்டை டார்ட் இன்னும் சூடாக இருந்தது. நடுவிலிருந்த மஞ்சள் கூழைக் கரண்டியால் எடுத்து விழுங்கினாள்.

"எப்படி இருக்கு?"

"வழுக்கிட்டுப் போச்சு."

"இனிப்பு?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வெளி ஓடு அவனுக்கு வந்தது.

அடுத்து கோப்பெங். அங்கே ஹியோங் பியா வாங்கினார்கள். உள்ளே பாகு வைத்துச் சுட்ட, தொட்டால் உதிர்கிற பிஸ்கட். கார் பத்து கடை தள்ளிப் போவதற்குள் கலாதேவி பையைப் பிரித்துக் கடித்துவிட்டாள். எச்சில் இல்லாத வாயில் தூள் அப்படியே ஒட்டிக்கொண்டது. இருமல் பிடித்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிந்தது. அர்ச்சுனன் காரை ஓரம் கட்டி, முதுகைத் தட்டி, போத்தலை வாயில் வைத்தான். இருமல் நிற்க ஐந்து நிமிடம் ஆனது.

"போதும்லா. வீட்டுக்குப் போலாம்."

"எனக்கு ஒண்ணும் ஆகல."

"ஏதாவது ஆனா என்ன செய்றது? இந்த ரோட்டுல யாரைக் கூப்பிடுறது நான்?"

கலாதேவி மடியில் விழுந்திருந்த தூளைத் தட்டிவிட்டாள். கரகரத்த குரலில் மெதுவாகச் சொன்னாள்: "இருமல் வரும், போவும். நீங்க என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு முழுங்க வரமாட்டேங்குது. வீட்டுலயும் அப்படித்தான். ஒவ்வொரு வாய்க்கும் நீங்க மூச்சைப் பிடிக்கிறது எனக்குத் தெரியுது."

அவன் வீட்டுக்குத் திரும்பாமல், லுமுட் போகும் வழியில் பத்து காஜா ஊர்ப் பக்கம் வண்டியைத் திருப்பினான்.

சித்தியவானில் மண் அடுப்பின் உள்சுவரில் ஒட்டிச் சுடும் கொம்பியா ரொட்டி. உள்ளங்கை அகலம், மேலே எள், உள்ளே வெங்காயம். கலாதேவி ஒன்றைப் பிய்த்துத் தேநீரில் முக்கினாள். அர்ச்சுனன் வேண்டுமென்றே நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, போகிற வருகிற மோட்டார்சைக்கிளைப் பார்த்தபடி தின்றான். என்ன செய்வதென்று தெரியாமல் ஆறு தின்றுவிட்டான். திரும்பியபோது அவள் தட்டில் எள் மட்டும் கிடந்தது. ஒரு ரொட்டிக்கு இருபத்தைந்து நிமிடம்.

"வெங்காயம் தெரிஞ்சிச்சு," என்றாள். "நல்லா தெரிஞ்சிச்சு."

லுமுட் படகுத்துறையை ஒட்டி வரிசையாகக் கடைகள். நெத்திலி, கருவாடு, சிப்பியில் கோர்த்த திரை, நண்டு படம் போட்ட சட்டை. கலாதேவி ஒரு கடையையும் விடவில்லை. எதையும் வாங்கவும் இல்லை. தொப்பிகளை ஒவ்வொன்றாக வைத்துக் கண்ணாடி பார்த்தாள். கதிர்வீச்சில் கறுத்த கழுத்தைத் துப்பட்டாவால் மூடாமல் அவள் வெளியே நிற்பதை அர்ச்சுனன் அன்றுதான் பார்த்தான்.

கடைசிக் கடையில் மலாய்க்காரப் பெண் ஒருத்தி டோடோல் துண்டுகளைத் தட்டில் நீட்டி, ருசி பார்க்கச் சொன்னாள். தேங்காய்ப்பாலும் கறுப்புச் சர்க்கரையும் போட்டுக் கிண்டிய, அல்வா போன்ற பண்டம். கலாதேவி ஒரு துண்டை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

"நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க."

"இனிப்பா இருக்கு."

"அது எனக்குத் தெரியாதா? எப்படி இனிப்பு?"

நாள் முழுக்கப் பத்து வார்த்தை பேசாதவன் அவன். மென்றுகொண்டே யோசித்தான். கடைக்காரப் பெண்ணும் காத்திருந்தாள்.

"முதல்ல ஒண்ணுமில்ல. பல்லுல ஒட்டுது. அப்புறம் கொஞ்சம் கருகின வாசம், நம்ம தோட்டத்து லயத்து வீட்டுல பாயசம் அடிபிடிச்சா வருமே, அந்த மாதிரி. முழுங்கினப்புறம்தான் தேங்காப்பால் வருது. லேட்டா வருது, காலை ஷிப்டுக்கு வர்ற ஆளுங்க மாதிரி."

கலாதேவி சிரித்தாள். சத்தம் அரைகுறையாகத்தான் வந்தது, ஆனால் தோள் குலுங்கியது. பிறகு தானும் ஒரு சின்னத் துண்டை எடுத்து, தண்ணீரோடு சேர்த்து மென்றாள். அவன் வேண்டுமென்றே தொப்பிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இனிப்பு அன்று வரவில்லை. அடுத்த ஐந்து மாதத்தில் நாக்கின் இடது பக்கம் மட்டும் கொஞ்சம் வந்தது. வாழைப்பழத்தை அந்தப் பக்கம் ஒதுக்கித்தான் தின்கிறாள். இன்னொரு பக்கமும் வருமா என்று மருத்துவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஆனால் இருவரும் மாதம் ஒருமுறை எங்காவது கிளம்பிவிடுகிறார்கள். தைப்பிங் போனார்கள், கோலகங்சார் போனார்கள். அவள் நிறுத்தச் சொல்லும் இடத்தில் அவன் நிறுத்துகிறான், தின்கிறான், அவளுக்குச் சொல்கிறான். போன வாரம் பாண்டான் இலை போட்ட ஒரு கேக்கைப் பற்றி, வழியில் வந்த பாலத்தைக் கடக்கும் வரை பேசிக்கொண்டே வந்தான். கலாதேவி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தாள்.